என் இடது மார்பு எதிர் என் வாய்

முப்பத்தொரு வருடம் கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக நின்றவள் நான். நீதவான் சிங்களத்தில் கேட்பதைச் சாட்சியிடம் தமிழில் கேட்பேன். சாட்சி தமிழில் அழுவான், நான் அதைச் சிங்களத்தில் கண்ணீர் இல்லாமல் அழுவேன். ஒரு சொல் கூட்டக் கூடாது, ஒரு சொல் குறைக்கக் கூடாது. கூட்டினால் யாரோ ஒருவன் வெலிக்கடைச் சிறைக்குப் போய்விடுவான். அதனால்தான் ஓய்வு பெற்ற அன்று, பிரியாவிடைக் கேக்கை வெட்டிய கையோடு, கூட்டத் தொடங்கினேன். எட்டு வருடமாகக் கூட்டிக்கொண்டே இருக்கிறேன். கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில் கணுக்கால் அளவு மழைத்தண்ணி நின்றால், என் வாயில் அது கப்பல் விடும் ஆழம். என் கணவர் பேர்னாட் பக்கத்தில் இருந்து, "கணுக்காலுக்குத்தான் மெற்றி" என்று திருத்துவார். திருத்தட்டும். அவரும் ஓய்வூதியக்காரர், அவருக்கும் பொழுது போக வேண்டும்.

இந்தக் கதையில் நான் எதையாவது கூட்டியிருந்தால் அது ஓரங்களில்தான். நடுவில் இருப்பது என் இடது மார்பு. அதைக் கூட்டிச் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் அதில் ஒரு கட்டி வந்தது. கடலைப் பருப்பு அளவு. புற்றுநோய்தான். அதை மட்டும் வெட்டி எடுத்தார்கள், ஐந்து கிழமை கதிர்ச் சிகிச்சைக்குக் கரண்ட் பிடித்தார்கள், ஐந்து வருடம் மாத்திரை விழுங்கினேன், அத்தோடு சரி. வருடா வருடம் மமோகிராம் எடுப்பேன். "ஒன்றுமில்லை" என்று எழுதிக் கொடுப்பார்கள். முதல் சில வருடம் படத்தையும் தந்தார்கள், பிறகு தாள் மட்டும்தான். வரும் வழியில் இரண்டு பேரும் ஃபலூடா குடிப்போம்.

இந்த வருடம் ஃபலூடா இல்லை. பழைய வெட்டுக்குப் பின்னால், நெஞ்சோடு ஒட்டிய ஆழத்தில், ஒரு நிழல். ஸ்கான் பண்ணினார்கள், அது எதுவும் சொல்லவில்லை. ஊசியால் குத்திச் சதை எடுத்துப் பார்த்தார்கள், வெறும் தழும்புச் சதைதான் வந்தது. ஆனால் நிழல் ஒதுங்கி இருந்த இடத்தைப் பார்த்தால் ஊசி குறி தப்பியிருக்கலாம் என்றார் சத்திரசிகிச்சை டொக்டர். அவர் சொற்களை மருந்துத்துளி போல எண்ணி விடுகிற மனிதர்.

"தழும்பாக இருக்கலாம். திரும்பி வந்ததாகவும் இருக்கலாம். வந்திருந்தால் இந்த முறை முழு மார்பையும் எடுக்க வேண்டும். பதினாலாம் திகதி தியேட்டர் போட்டு வைக்கிறேன். அதற்கு முன்னால் எம்.ஆர்.ஐ. எடுங்கள். தழும்பு என்றால் திகதியை ரத்துப் பண்ணலாம்."

பிறகு இன்னொரு துளி விட்டார். "ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய மமோகிராம் படங்கள் இருக்கிறதா?"

நான் பேர்னாட்டைப் பார்த்தேன். பேர்னாட் சுவரில் இருந்த சிறுநீரகப் படத்தைப் பார்த்தார்.

"எங்க படங்கள்?"

"கிரகணம் வந்தது தெரியும்தானே, மெற்றி…"

இரண்டாயிரத்துப் பத்தொன்பது, நத்தாருக்கு அடுத்த நாள், காலையில் சூரிய கிரகணம். கறுத்த எக்ஸ்ரே படத்தைக் கண்ணுக்கு முன்னால் பிடித்துப் பார்க்கும் பழக்கம் நம் சனத்துக்கு இருக்கிறதே, வேண்டாம் வேண்டாம் என்று கண் டொக்டர்மார் எவ்வளவு கத்தினாலும். அலுமாரியில் இருந்த என் படங்கள் அத்தனையையும் கத்தரிக்கோலால் சதுரம் சதுரமாக வெட்டி, ஒழுங்கை முழுவதற்கும் விநியோகித்திருக்கிறார் இந்த மனிதர். கோயில் சுவாமியாருக்கும் ஒரு துண்டு. ஆக, கொட்டாஞ்சேனையில் நானூறு பேர் என் இடது மார்பு வழியாகச் சூரியனைப் பார்த்திருக்கிறார்கள்.

"இருபத்தஞ்சு பேர்தான்" என்றார் பேர்னாட்.

டொக்டர் சிரிக்கவில்லை. பேனாவை மூடினார். "அப்போ எம்.ஆர்.ஐ.தான்."

வீட்டுக்குத் திரும்பினோம். பேர்னாட், துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன்களுக்குக் கைச்சைகை காட்டியவர், ஆறடி ஆள், பஸ்ஸில் ஜன்னல் ஓரம் நனைந்த கோழி மாதிரி ஒடுங்கிக்கொண்டார். படங்கள் இருந்திருந்தால் இப்போதே தெரிந்திருக்கும் என்று அவர் மண்டைக்குள் ஓடுவது எனக்குக் கேட்டது.

"என்னப்பா, அது தழும்புதான். எழுதி வச்சுக்குங்க" என்றேன்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"என் உடம்பு. எனக்குத் தெரியாம அது ஒண்டும் செய்யாது."

எனக்குத் தெரியாமல் என் உடம்பு என்ன செய்யும் என்பதை மூன்று நாளில் தெரிந்துகொண்டேன்.

ஸ்கான் நிலையம் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு குறுக்கு வீதியில் இருந்தது. படம் பார்க்கும் டொக்டர் சுபோதினி யாழ்ப்பாணத்துப் பிள்ளை. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு மேசை முழுக்கத் தேடுகிற வகை. எனக்குப் பார்த்தவுடன் பிடித்துவிட்டது.

"அம்மா, தழும்பு எண்டது காய்ஞ்சுபோன இடம். அதுக்கு ரத்தம் பெரிசாப் போகாது. புற்று அப்பிடியில்லை. கையில மருந்தை ஏத்தின உடனை முந்தியடிச்சுக் குடிக்கும். குடிச்ச இடம் படத்தில வெள்ளையா வெளிக்கும். மருந்து ஏத்த முதல் ஒரு படம், ஏத்தினாப் பிறகு ஆறு நிமிசத்துக்குள்ள அஞ்சாறு படம். பிந்தினதில இருந்து முந்தினதைக் கழிச்சா, குடிச்ச இடம் மட்டும் மிஞ்சும்."

"அப்ப இது குடிகாரனைப் பிடிக்கிற மெஷின்."

"ஓம்" என்று சிரித்தாள். "ஆனா நீங்கள் அசையக் கூடாது. கொஞ்சம் அசைஞ்சாலும் ரெண்டு படமும் ஒண்டுக்கு மேல ஒண்டு பொருந்தாது. கழிக்கிற கணக்குப் பிழைச்சுப் போகும்."

"மகள், நான் நீதவானுக்குப் பக்கத்தில் முப்பத்தொரு வருஷம் ஆடாம நிண்டவள்."

பேர்னாட் அறை வாசலோடு நின்றுவிட்டார். அவருக்கு ஆஸ்பத்திரி வாடையே ஆகாது. என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போனது நிலூஷா. மெஷினை இயக்குபவள், வத்தளைப் பெண், வீட்டிலும் வெளியிலும் சிங்களம்தான். தமிழ் விளங்கும், பேச வெட்கம். மோதிரம், காதணி, கழுத்தில் கிடந்த சிலுவை எல்லாவற்றையும் வாங்கி ஒரு தட்டில் போட்டாள். கையில் ஊசி ஏற்றினாள்.

மெஷினைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். அது ஒரு வெள்ளைச் சுரங்கம். உள்ளே போகும் கட்டிலில் குப்புறப் படுக்க வேண்டும். நெஞ்சு வரும் இடத்தில் இரண்டு ஓட்டைகள். இரண்டையும் அதற்குள் விட வேண்டும். அறுபத்தெட்டு வயதில் அந்த இரண்டுக்கும் கீழ்நோக்கிப் போகும் வழியை யாரும் காட்ட வேண்டியதில்லை. தாமாகவே போய்க் குந்திக்கொண்டன. முகத்தை ஒரு வளையத்துக்குள் வைத்து, கைகளைத் தலைக்கு முன்னால் நீட்டி, ஒரு கையில் ரப்பர் பந்து. ஆபத்து என்றால் அமுக்கலாம். காதில் ஹெட்ஃபோன். அதில் நிலூஷாவின் குரல்.

பிறகு தொடங்கியது சத்தம். இரத்மலானையில் ஒரு தொழிற்சாலையைத் தூக்கி என் முதுகில் வைத்து ஓட்டினால் எப்படி இருக்கும்? அதில் பாதிதான் தொழிற்சாலை போடும். எனக்குக் கவலையில்லை. கண்ணை மூடினேன். கல்லாகக் கிடந்தேன். வாயைத் திறக்கவேயில்லை. சத்தியமாக.

அரை மணி நேரத்தில் கட்டில் வெளியே வந்தது. நிலூஷா என் முதுகைத் துடைத்துவிட்டு, ஒரு மாதிரியாக நின்றாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்த முகம்.

"ஆன்ட்டி," என்றாள் சிங்களத்தில், "நீங்கள் ஏன் நான் சொன்னதையெல்லாம் திருப்பிச் சொன்னீர்கள்?"

"நானா? எதை?"

"ஹெல்லென்ன எபா என்று சொன்னேன். நீங்கள் 'அசைய வேண்டாம்' என்று கத்தினீர்கள். பிறகு இங்கிலீஷிலும் கத்தினீர்கள்."

"பொய். நான் வாயே திறக்கவில்லை."

வாசலில் பேர்னாட் நின்றார். சாட்சிக்கூட்டில் ஏறும் மனிதனின் முகம். "மெற்றி, அவ பேசுற அறைக் கதவு திறந்துதான் இருந்துச்சு. எனக்கு எல்லாம் கேட்டுச்சு. அவ சிங்களத்துல 'இப்ப மருந்து ஏத்துறேன், ஆறு நிமிஷம் அசைய வேணாம்' எண்டா. உடனே உள்ளேருந்து உன் குரல். 'இப்பொழுது மருந்து ஏற்றப்படுகிறது, ஆறு நிமிடம் அசையக் கூடாது.' பிறகு இங்கிலீஷ். 'இன்னும் அஞ்சு நிமிஷம்' எண்டா. நீ ரெண்டு பாஷையிலயும் அஞ்சு நிமிஷம் எண்ட. 'நாலு' எண்டா. நீ நாலு எண்ட. உள்ளுக்க வழக்கு நடக்குதாக்கும் எண்டு நினைச்சேன்."

எனக்கு ஒன்றும் நினைவில்லை. இன்றைக்கும் நினைவில்லை. காதில் சிங்களம் விழுந்தால் வாயில் தமிழ் விழ வேண்டும். முப்பத்தொரு வருடம் அப்படித்தான். நடுவில் நான் என்று ஒருத்தி தேவையே இல்லை போலிருக்கிறது. அதுவும் சும்மா முணுமுணுப்பா? பின்வரிசையில் இருக்கும் கைதிக்கும் கேட்கும்படி, அடிவயிற்றிலிருந்து எடுத்து, நெஞ்சை நிறைத்து விடுகிற கோட்டுக் குரல். அந்த நெஞ்சின் முன்பக்கத்தில்தான் இரண்டு படம்பிடிப்புப் பொருட்கள் ஓட்டைக்குள் தொங்கிக்கொண்டிருந்தன.

சுபோதினி எங்கள் இருவரையும் திரைக்கு முன்னால் இருத்தினாள். கறுப்பும் சாம்பலுமாக என் மார்பு. பழைய வெட்டுக்குப் பின்னால், நிழல் இருந்த அதே இடத்தில், ஒரு வெள்ளை வளையம். பெரஹெரா ஊர்வலத்தில் நெருப்பு வளையம் சுற்றுவானே, அப்படி எரிந்தது.

பேர்னாட் என் தோளைப் பிடித்தார்.

"புற்று எண்டாலும் இப்பிடித்தான் வெளிக்கும்" என்றாள் சுபோதினி. "நீங்கள் அசைஞ்சிருந்தாலும் விளிம்புகள் விலகி இப்பிடித்தான் வெளிக்கும். இந்தப் படத்தில எது நோய், எது உங்கட கதை எண்டு பிரிக்க எனக்கு வழியில்லை அம்மா."

நான் வாழ்க்கையில் எத்தனையோ கூட்டியிருக்கிறேன். கணுக்கால் தண்ணீரில் கப்பல் விட்டிருக்கிறேன். ஆனால் என் வாய் என் மார்பிலேயே ஒரு நெருப்பு வளையத்தைக் கூட்டி வைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"திரும்ப எடுக்கலாம்தானே?" என்றேன்.

"எடுக்கலாம். ஏத்தின மருந்து உடம்பை விட்டுப் போகோணும். எட்டாம் திகதி வாங்கோ. ஆனா திரும்பவும் இப்பிடி வந்தா, நான் சந்தேகம் எண்டுதான் எழுதுவன். பிறகு பதினாலாம் திகதிதான்."

அன்று பின்னேரம் வீட்டில் பேர்னாட் தேநீரை ஆறவிட்டுக்கொண்டு இருந்தார்.

"எடுத்திருவோம் மெற்றி."

"எதை?"

"எடுத்திருவோம். எதுக்குத் திரும்ப? நீ அங்க வாயை மூடப் போறதில்ல. எனக்கு உன்னைத் தெரியும். பதினாலாம் திகதி எடுத்துட்டா நிம்மதி. இந்த வயசுல அது இருந்தா என்ன, இல்லாட்டி என்ன."

"யாருக்கு நிம்மதி?"

"எனக்குத்தான்" என்றார். தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தார். "அந்தப் படங்களை நான்தானே வெட்டினேன்."

நான் தேநீரை எடுத்துக் குடித்தேன், அவருடையதை. "இங்க கேளுங்க. நோய் இருந்தா, இருக்கு எண்டு ஆள் சரியாச் சொல்லட்டும். நானே கத்தியைக் கொண்டுபோய்க் குடுக்கிறேன், அழவும் மாட்டேன். ஆனா என் வாய் செய்த குற்றத்துக்கு என் மார்பை உள்ள தள்ள விடமாட்டேன். குற்றவாளி ஒருத்தன், தண்டனை இன்னொருத்தனுக்கா? அப்பிடி ஒரு தீர்ப்பை என் முன்னால யாரும் வாசிச்சதில்ல."

 அவர் எழுந்து போய்க் கட்டிலில் இருந்த தலையணைகளை அகற்றினார். "வா. படு. பழகிப் பார்ப்போம்."

ஐந்து நாள் பயிற்சி. நான் கட்டிலில் குப்புற, கைகள் முன்னால். அவர் கதிரையில் கைக்கடிகாரத்தோடு. டிவியில் சிங்கள நாடகம். முதல் நாள், கதாநாயகி "நான் உங்களை மன்னிக்கவே மாட்டேன்" என்றாள். ஒரு மூச்சில் இரண்டு பாஷையிலும் நானும் மன்னிக்கவில்லை. பதினொரு வினாடி தாக்குப்பிடித்ததாகப் பேர்னாட் அறிவித்தார். இரண்டாம் நாள் பல்லைக் கடித்தேன், தாடைக்குள் மொழிபெயர்த்தேன், தோள் ஆடியது. அடுத்த வீட்டு ஸமீமா வட்டலப்பம் கொண்டுவந்தவள், ஜன்னல் வழியே நான் கட்டிலில் விழுந்து கிடந்து வானிலை அறிக்கையைப் பிரசங்கம் பண்ணுவதைப் பார்த்துவிட்டு, "மெற்றில்டாத்தாக்கு நேர்த்திக்கடனா?" என்று கேட்டாள்.

மூன்றாம் நாள் பேர்னாட் டிவியை அணைத்தார்.

"இது வாய்ப் பிரச்சினை இல்ல. காதுப் பிரச்சினை" என்றார். "காதுல எதுவும் விழாட்டி வாய் என்ன செய்யும்?"

"காதை அடைச்சா, எப்ப மருந்து ஏறுது, எப்ப முடியுது, எனக்கு எப்படித் தெரியும்?"

அவர் என்னை ஏளனமாகப் பார்த்தார். நாற்பத்திரண்டு வருடத்தில் அவர் என்னை அப்படிப் பார்த்தது நாலைந்து முறைதான் இருக்கும். "கிரேன் மேல இருக்கிறவனுக்கு என்ன கேக்கும்? கப்பல் இரைச்சல்ல அவனுக்குத் தாய் கூப்பிட்டாலும் கேக்காது. நாப்பது தொன் பெட்டியைக் கையால இறக்கியிருக்கிறேன், ஒரு முட்டை உடையாம. நான் உள்ள வாரேன்."

ஆஸ்பத்திரி வாடைக்கு வாசலில் நிற்கும் மனிதர். நான் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை அப்போது. "சரி" என்றேன்.

எட்டாம் திகதி. சுபோதினி முதலில் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள், பிறகு சம்மதித்தாள். மெஷின் அறைக்குள் துணைக்கு ஆள் நிற்கலாம், உடம்பில் இரும்பு இருக்கக் கூடாது. நிலூஷா பேர்னாட்டைப் பரிசோதித்தாள். பெல்ட், கைக்கடிகாரம், வீட்டுத் திறப்புக்கோர்வை, சட்டைப்பையில் இரண்டு பேனா, ஒரு சின்ன ஸ்க்ரூட்ரைவர், கம்பியில் கோத்த செபமாலை, உள்பெனியனில் ஊக்கால் குத்திய அந்தோனியார் சுரூபம், பிறகு அதற்குக் கீழே இன்னொரு ஊக்கில் ஆரோக்கிய மாதா. கீழ்ப்பல் செட்டையும் கழற்றச் சொன்னாள். ஒரு பழைய இரும்புக்கடைக்காரனைக் கழற்றியது போல் தட்டு நிறைந்தது. பேர்னாட் காற்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் நிலூஷாவுக்குச் சைகை வகுப்பு எடுத்தார்.

"இந்தக் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால நீ நிக்கிற. விரல் ஒண்டு மேல காட்டினா, மருந்து ஏறுது. ஒவ்வொரு நிமிஷத்துக்கும் கையை விரிச்சுக் காட்டு. முஷ்டியைப் பொத்தினா, முடிஞ்சுது. கையை ஆட்டி ஆட்டிக் காட்டக் கூடாது, மகள். கிரேன் இடிஞ்சு விழும்."

நிலூஷா இரண்டு முறை செய்து காட்டினாள். "ஹரி அங்கிள்" என்றாள், சரியென்று சிங்களத்தில்.

எனக்கு இரண்டு காதிலும் பஞ்சுத் தக்கை, அதன் மேல் ஒலி தராத ஹெட்ஃபோன். ஒப்பந்தம் இதுதான். மருந்து ஏறும்போது பேர்னாட் என் கணுக்காலை ஒரு முறை அழுத்துவார். ஒவ்வொரு நிமிடமும் குதிக்காலில் ஒரு தடவல். முடிந்தால் இரண்டு பாதத்தையும் சேர்த்துப் பிடிப்பார். அவ்வளவுதான்.

கட்டில் உள்ளே போனது. சத்தம் வந்தது, தூரத்துத் தொழிற்சாலையாக. சொல் எதுவும் இல்லை. என் வாய்க்கு வேலை இல்லை. அது வழக்கு ஒத்திவைக்கப்பட்ட நாளில் வாசல் பெஞ்சில் படுக்கும் நாய் போல் படுத்துக்கொண்டது.

கணுக்காலில் அழுத்தம். பேர்னாட்டின் கை பனிக்கட்டி மாதிரி இருந்தது. என் கையில் குளிர்ச்சியாக ஏதோ ஏறியது. ஓடு, என்றேன் மனதுக்குள், போய்ப் பார், அங்கே குடிகாரன் இருக்கிறானா என்று.

குதிக்காலில் ஒரு தடவல். ஒரு நிமிடம்.

இன்னொரு தடவல். இரண்டு.

பிறகு வலது பெருவிரலைப் பிடித்தார்.

ஒப்பந்தத்தில் பெருவிரல் இல்லை. பிடித்தார், சற்று வைத்திருந்தார், விட்டார். அடுத்த விரலைப் பிடித்தார். என்ன இது? மெஷினில் ஏதும் பிழையா? நெருப்பா? நிலூஷா கையை ஆட்டி ஆட்டிக் காட்டுகிறாளா? மூன்றாவது விரல். கேட்க வேண்டும் போல வாய் ஊறியது. கேட்டால் நெஞ்சு ஆடும். ஆடினால் வளையம் எரியும். எரிந்தால் பதினாலாம் திகதி. நாலாவது விரல். அப்போதுதான் அடுத்து எது வரப்போகிறது என்று எனக்கு உறைத்தது.

என் சின்ன விரல். என் உடம்பு முழுவதிலும் அதைவிட மோசமான இடம் கிடையாது. அதைத் தொட்டால் நான் சிரிப்பதில்லை, கொலன்னாவை எண்ணெய்த் தாங்கி வெடித்தது போல வெடிப்பேன். இது அந்த மனிதருக்குத் தெரியும். கலியாணம் கட்டிய முதல் கிழமையே தெரியும்.

தொட்டார்.

சிரிப்பு அடிவயிற்றில் கிளம்பியது. மேலே வந்தது. நெஞ்சுக்கூட்டின் கீழ்ப்படியில் காலை வைத்தது.

அந்த நேரத்தில் எனக்கு மட்டக்குளிச் சேவல் வழக்கு வந்து கை கொடுத்தது. களவுபோன சேவலைச் சான்றுப் பொருளாகக் கூண்டோடு கோட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். குற்றவாளி "நான் எடுக்கவில்லை" என்று சொல்லும் ஒவ்வொரு தடவையும் அது கூவியது. நீதவான் வழக்குக் கோவைக்குப் பின்னால் முகத்தை மறைத்தார். சட்டத்தரணிகள் மேசைக்கடியில் பேனா தேடினார்கள். பொலிஸ்காரன் வெளியே ஓடினான். முழுக் கோட்டிலும் முகம் அசையாமல் நின்றவள் நான் ஒருத்திதான். ஏனென்றால் நான் சிரித்தால் அந்த மனிதன் சொன்னது யாருக்கும் போய்ச் சேராது. சிரிப்பை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியும். நாக்குக்குக் கீழே, பின்பல்லுக்குப் பக்கத்தில் ஒரு அறை இருக்கிறது. எத்தனை பேருடைய அழுகையையும் நான் அதற்குள் பூட்டி வைத்திருக்கிறேன்.

பூட்டினேன். நெஞ்சு ஒரு நூல் கூட அசையவில்லை. கண்ணீர் மட்டும் முகவளையத்தின் வழியே கீழே சொட்டியது. மெஷின் கண்ணீரைப் படம் பிடிப்பதில்லை.

அவர் இடது காலுக்குப் போனார். பெருவிரல், அடுத்தது, அடுத்தது. நடுவில் குதிக்காலில் மூன்று, நாலு, ஐந்து. இப்போது எனக்கு ஆட்சேபனை இல்லை. இன்னும் நூறு விரல் இருந்தாலும் வரட்டும். நான் யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

இரண்டு பாதமும் சேர்ந்து பிடிபட்டன. முடிந்தது.

சுபோதினி படங்களைப் பார்த்துக்கொண்டிருந்த இருபது நிமிடமும் பேர்னாட் பல் செட்டைப் போட மறந்து, கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். அவள் எங்களைக் கூப்பிட்டாள். கண்ணாடி மூக்கில்தான் இருந்தது.

"இதைப் பாருங்கோ. இது மற்றது."

ஒரு திரையில் நெருப்பு வளையம். பக்கத்துத் திரையில் அதே இடம், அதே வெட்டு. கறுப்பு. கரும்பலகை மாதிரி, ஒரு பொட்டு வெளிச்சம் இல்லாமல்.

"ஒரு சொட்டுக் கூடக் குடிக்கேல்லை" என்றாள். "தழும்புதான். மற்ற மார்பும் துப்பரவு. சேர்ஜனுக்கு நான் இப்பவே கோல் எடுத்துச் சொல்லுறன், பதினாலாம் திகதி தேவையில்லை. ஆறு மாசத்தில திரும்ப ஒருக்காப் பாப்பம்."

"நான் அப்பவே சொன்னேன்" என்றேன் பேர்னாட்டிடம்.

பேர்னாட் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பல் இல்லாத வாயால், "டொக்டர், இந்தக் கறுப்பு, இது நல்ல கறுப்புத்தானே?" என்று கேட்டார்.

"இதைவிட நல்ல கறுப்பை நான் இந்தக் கிழமை காணேல்லை ஐயா."

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நான் அவருடைய பெல்ட்டை எடுத்துக் கொடுத்தேன். காற்சட்டை இறங்கத் தொடங்கியிருந்தது.

காலி வீதியில் நூறாம் நம்பர் பஸ் ஏறினோம். ஜன்னல் ஓரம் நான், பக்கத்தில் அவர். பம்பலப்பிட்டி தாண்டும்வரை காத்திருந்துவிட்டுக் கேட்டேன்.

"அது என்ன வேலை, விரல்ல?"

"எது?"

"ஒவ்வொரு விரலாப் பிடிச்சீங்களே. என்னைக் கொல்லப் பாத்தீங்களா?"

பேர்னாட் காதுவரை சிவந்தார். "செபமாலையையும் அந்தப் பிள்ளை தட்டுல வாங்கிப் போட்டுட்டா, மெற்றி. கம்பி இருக்காம். கையில பிடிக்க ஒண்டும் இல்ல. பாத்தேன், உன் கால்ல பத்து விரல் இருக்கு. செபமாலையில பத்து மணி ஒரு காரணிக்கம். விரலுக்கு ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லிக்கிட்டு வந்தேன்."

"சின்ன விரலையுமா விடல?"

"மாதாவுக்குச் சொல்ற செபத்துல எப்படி ஒண்டைத் தாவுறது?" என்றார், பாவம்போல. பிறகு குரலைத் தாழ்த்தினார். "எட்டுத்தான் முடிஞ்சுது. இடது கால்ல கடைசி ரெண்டு விரல் மிச்சம். அதுக்குள்ள அவ முஷ்டியைப் பொத்திட்டா."

நான் இடது காற்செருப்பைக் கழற்றினேன். காலைத் தூக்கி அவர் மடியில் வைத்தேன். முன் சீற்றில் இருந்த ஒரு அம்மா திரும்பிப் பார்த்தாள்.

"முடிச்சிருங்க" என்றேன். "கேட்டது கிடைச்சாச்சு. குறையா விடக் கூடாது."

அவர் சுற்றும் பார்த்தார், கண்ணை மூடினார், ஒன்பதாவதைப் பிடித்து உதட்டை அசைத்தார். பிறகு பத்தாவது, இடது சின்ன விரல். தொட்டதுதான் தாமதம், காலையிலிருந்து நாக்குக்கடியில் பூட்டிக் கிடந்தது அத்தனையும் ஒரேயடியாகத் திறந்துகொண்டது. நான் வெடித்த சிரிப்பில் பஸ் நின்றது, கண்டக்டர் ஓடிவந்தார், கடலில் போன கப்பல்கள் திரும்பிப் பார்த்தன. பேர்னாட் விரலை விடாமல் பிடித்துக்கொண்டு, கண்ணைத் திறக்காமல், செபத்தை ஆமென்வரை சொல்லி முடித்தார்.